பின்சக்கரமும் என் புருஷன் கையும்

அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் என் பிள்ளைகள், "பழைய கதை, வுடும்மா" என்கிறார்கள். நான் விடுவதில்லை. அடிபட்டவர் என் புருஷன். அடித்தவன் கடைசிவரை வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு, கோயில் தேருக்கு முன்னால் நின்று வடம் பிடித்தவன். அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதற்காக நானும் மறக்க வேண்டுமா?

டோல்கேட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் ஷெட் இருந்தது. மேலே தகரம், மூன்று பக்கமும் கப்பல் பெட்டிகளை உடைத்து அடித்த பலகை. பின்னால் ஒரே அறைதான் எங்கள் வீடு. பிழைப்பு என்னவோ சைக்கிளில்தான். ஆனால் கோணிப்போன சக்கரத்தை நேராக்குவதில், கோட்டம் எடுப்பது என்பார்களே, அதில் என் புருஷனுக்குக் கை வாகு இருந்தது. அதனால் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் சக்கரத்துக்கு மட்டும் எங்களிடம் வருவார்கள்.

நான் எண்ணூர்க் கழிமுகத்துக் குப்பத்தில் பிறந்தவள். கூடையில் மீன் சுமந்து அந்தச் சாலையில் விற்றுக்கொண்டு போனவளை அவர் கட்டிக்கொண்டார். இரண்டு வீட்டிலும் ரகளை. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கத்தியைத் தூக்கிக்கொண்டு ஷெட் வரைக்கும் வந்து, பேரன் பிறந்த பிறகுதான் சமாதானமானார். என் தம்பி மட்டும் முதலிலிருந்தே வந்து போய்க்கொண்டிருந்தான். அவன் கழியில் ஆட்களையும் சாமான்களையும் அக்கரை சேர்க்கிறவன். இரண்டு கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி வைத்திருந்தான்.

அக்கரையில் உப்பளம். அதன் காண்டிராக்டர்தான் நான் சொல்ல வந்த ஆள். சீமையிலிருந்துகூட இல்லை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று அவனிடம் இருந்தது. எருமை மாதிரி கனம். காலை நீட்டி வைத்துக்கொள்ளப் பலகை, மாட்டுக் கொம்பு போல அகன்ற ஹேண்டில், பின்னால் இன்னொருவர் உட்கார மெத்தை. ஹேண்டிலில் ஒரு பிரம்பைச் செருகி வைத்திருப்பான். கூலியாட்களை அடிக்க வண்டியை விட்டு இறங்க மாட்டான். அத்தனை சோம்பேறி.

அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு என் புருஷன்தான் கோட்டம் எடுத்திருந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அதை இறுக்கத் திருகுகிற நிப்பிளிலிருந்து ரிம்மின் மேல் வரைக்கும், மெல்லிய குச்சியால் சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடு இழுப்பார். நாற்பது கம்பிக்கும் நாற்பது கோடு. எதற்கு இந்த அலங்காரம் என்று நான் கேலி செய்வேன். "அப்பால எவனாவது சாவியப் போட்டுத் திருகினான்னு வெய்யி, கோடு ஒடஞ்சி காட்டிக் குடுத்துடும்" என்பார்.

மாசி பிறந்த சமயம், உப்பளத்தில் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான் என்பதற்காகக் காண்டிராக்டர் அவனைப் பாத்தியிலேயே சாய்கிற வரை அடித்தான். உப்புத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தவனைத் தூக்கக்கூட விடவில்லையாம். கூலிக்காரர்கள் மொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். சில நாள் கழித்துப் பட்டினி தாங்காமல் திரும்பினார்கள். அதற்குச் சற்றுப் பின்னால்தான் வண்டி விழுந்தது.

திருவொற்றியூரைத் தாண்டி வேகமாக வந்துகொண்டிருந்தபோது வண்டியின் பின்பக்கம் இப்படியும் அப்படியும் வீசி, எதிரே வந்த உப்பு மூட்டை வண்டியில் போய் அடித்தது. காண்டிராக்டருக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்த அவனுடைய மச்சானுக்குத் தொடை எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. அந்தப் பையன் ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவன். எங்கள் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் என் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனுக்காக எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் நான் பின்னால் உட்கார்ந்து கெளுத்தி மீன் அரிந்துகொண்டிருந்தேன். முன்னால் சைக்கிள்கள் மொத்தமாகச் சரிகிற சத்தம் கேட்டது. கையிலிருந்த கத்தியோடே ஓடினேன். காண்டிராக்டரும் அவன் ஆட்களும் நின்றார்கள். பாதையில் ஒரு மாட்டு வண்டி, அதன் மேல் அந்த மோட்டார் சைக்கிள். என் புருஷன் தரையில் கிடந்தார். ஒருத்தன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். இன்னொருத்தன் சைக்கிள் பம்பால் அவர் விலாவில் குத்தினான். குத்தும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் சேர்ந்து மண்ணில் விழுந்தது.

"பேமானி! கம்பிய லூஸ் பண்ணி வுட்டுட்டு என்னை சாவடிக்கப் பாத்தியா? எந்த கூலிக்காரன் சொல்லி செஞ்சே? பேரச் சொல்லு" என்றான் காண்டிராக்டர்.

"நான் ஒண்ணியும் பண்ல."

அடுத்த குத்து விழுந்தது. நான் கத்தியை வீசினேன். அது யார் மேலும் படவில்லை; அதற்குள் ஒருத்தன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினான். கண்ணில் பூச்சி பறந்தது. அவன் மணிக்கட்டு என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பல் பதிகிற வரை கடித்தேன். அவன் அலறிக்கொண்டு விட்டான். அடுத்தவன் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் என் புருஷனை இழுத்துப்போய், ரிம் தட்டுகிற பட்டறைக்கல்லின் மேல் அவர் வலது கையை விரித்து வைத்தார்கள். காண்டிராக்டர், டயர் கழற்றுகிற இரும்புப் பட்டையை எடுத்தான். "பேரச் சொல்றியா, கைய வுடுறியா?"

ஒரு பெயர் சொன்னால் போதும். எந்தப் பெயராக இருந்தாலும் அந்த ஆளை உப்பளத்திலேயே புதைத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. "சக்கரத்தப் பாக்க வுடு. எவனாவது திருகியிருந்தா நானே கைய நீட்டறேன்" என்றார்.

இதற்குள் சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வண்டிக்காரர்கள், மீன் கூடையோடு எங்கள் குப்பத்துப் பெண்கள், ராயபுரத்திலிருந்து ரயில் பட்டறை வேலை முடிந்து நடந்து வந்தவர்கள். காண்டிராக்டர் கூட்டத்தைப் பார்த்தான். குற்றவாளி ஊரறிய மாட்டிக்கொள்வது அவனுக்குப் பிடித்திருந்தது போல. "பாருடா. எல்லார் முன்னாடியும் பாரு. லூஸா இருந்திச்சி, கை போச்சு" என்றான்.

வண்டியை இறக்கி மரக் கட்டைமேல் ஏற்றினார்கள். என் புருஷன் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஹேண்டில் ஒதறிச்சா, குந்தற எடம் ஆடிச்சா?" என்று கேட்டார்.

கேள்வி கேட்கிறாயா என்று ஒருத்தன் அறைந்தான். ஆனால் காண்டிராக்டரே பதில் சொன்னான். "பின்னாடிதான். வாலப் புடிச்சி எவனோ இழுக்கிற மாதிரி."

ஹேண்டில் உதறினால் குறை முன்னால் இருக்கும்; இடுப்புக்குக் கீழே வீசினால் பின்னால். இவ்வளவு காலம் கூட இருந்ததில் அது எனக்கும் தெரியும். இருந்தும் அவர் முன்சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. பின்டயரைக் கட்டை விரலால் அழுத்தினார், காற்று இருந்தது. அச்சு நட்டு இறுக்கமாக இருந்தது. சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளி இழுத்தார். உள்ளே குண்டுகள் தேய்ந்திருந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை.

பிறகு ஒரு சாக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். நேராக இருந்த இடமெல்லாம் சாக்கட்டியில் படாமல் ஓடியது. ஒரே இடத்தில் மட்டும் ரிம் வெளியே தள்ளி வந்து வெள்ளை வாங்கிக்கொண்டது. அந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு கம்பியாகச் சாவியால் தட்டினார். நல்ல கம்பி 'ணிங்' என்று சொல்லும். சில கம்பிகள் அப்படிச் சொல்லின; அடுத்தது தட்டையாகச் செத்த சத்தம் கொடுத்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

"கேட்டீங்களா? லூசு!" என்றான் காண்டிராக்டர். பிரம்பு என் புருஷனின் கழுத்தில் விழுந்தது. அவர் சக்கரத்தின் மேலேயே சரிந்தார். கம்பியில் நெற்றி கிழிந்தது. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்த ஷெட்டையே கொளுத்தியிருப்பேன். பிடித்திருந்தவன் என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

அவர் எழுந்தார். கிருஷ்ணாயில் துணி எடுத்து, செத்த சத்தம் கொடுத்த கம்பிகளின் முனையைத் துடைத்தார். புழுதி போனதும் சிவப்புக் கோடு தெரிந்தது. நிப்பிளிலிருந்து ரிம் வரை ஒரே கோடு.

"கோட்டப் பாருங்க. திருகியிருந்தா இது ரெண்டா ஒடஞ்சிருக்கும். சாவி படவே இல்ல."

ரயில் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்கள். "ஆமாய்யா, ஒடையல" என்றார்கள்.

"அப்பறம் எப்பிடிடா லூஸாச்சு?" என்று கத்தினான் காண்டிராக்டர்.

அவர் கம்பிகளின் மேல் விரலை ஓட்டினார். தளர்ந்த கம்பிகளெல்லாம் நடுவில் லேசாக வளைந்திருந்தன. எல்லாம் ஒரே திசையில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. இரண்டு கம்பிகள் குறுக்கே போகிற சந்தில் ஏதோ சிக்கியிருந்தது. உப்புப் பூத்த தென்னங்கயிற்றுத் தும்பு.

அவர் பார்த்த அதே நேரத்தில் நானும் பார்த்தேன். அது எங்கள் குப்பத்துக் கயிறு.

எங்கள் குப்பத்தில் கட்டுமரத்தைக் கட்டுவது எப்படி என்று சொன்னால்தான் புரியும். மரங்களைச் சேர்த்துத் தென்னங்கயிற்றைச் சுற்றி, கயிற்றின் நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்குவோம். கடலில் இறங்கியதும் கயிறு தண்ணீர் குடித்து இன்னும் இறுகும். மரம் அதைத் தாங்கும். தாங்கினால்தான் அலையில் பிரியாது. எங்கள் ஆட்களுக்கு எதைக் கட்டினாலும் அந்தக் கட்டுதான். தம்பி இந்த வண்டியைக் கழி தாண்டக் கொண்டுபோகும்போது, சக்கரக் கம்பிகளுக்குள்ளே கயிற்றை விட்டுப் பலகையோடு சேர்த்து முறுக்கியிருக்கிறான். ஈரம் பட்டுக் கயிறு இறுகி, கம்பிகளை இழுத்து வளைத்திருக்கிறது. அக்கரையில் கயிற்றை அவிழ்த்ததும் கம்பிகள் தொய்ந்துவிட்டன. போக, வர, ஒவ்வொரு தடவையும் இதே கதி.

என் புருஷன் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி அந்தத் தும்பைத் துணியால் துடைத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "வண்டி ஓவர் கனம். கம்பி தானா நீண்டுகிச்சி" என்றார்.

"தானாவா?" காண்டிராக்டர் சிரித்தான். "கல்லு மேல வைங்கடா." அவர் வலது கையை மறுபடியும் இழுத்துக் கல்லின் மேல் அழுத்தினார்கள்.

என் தம்பியைக் காப்பாற்ற அவர் கையைக் கொடுக்கிறார். கை போனால் அவருக்கு என்ன மிச்சம்? சொன்னால் தம்பி பிணம். சொல்லாவிட்டால் இவர். இரண்டு பக்கமும் என் ரத்தம்தான். அப்போதுதான் முந்திய வாரம் தம்பி வந்திருந்தது ஞாபகம் வந்தது. கன்னத்திலிருந்து தோள்வரை பிரம்புத் தழும்பு. இவன் அடித்தான் என்று சொன்னான். நான் இவனுடைய வம்சத்தையே திட்டிவிட்டு எண்ணெய் தடவி அனுப்பியிருந்தேன். எதற்கு அடித்தான் என்று அன்று அவன் சொன்னது இப்போது எனக்கு வேறாகக் கேட்டது.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். "கட்னது என் தம்பி! எங்க ஆளுங்க மரத்தக் கட்ற மாதிரி கயித்த உள்ள வுட்டுக் கட்டினான். அவன் மொதல்ல லேசாத்தான் கட்டினான். 'வண்டி ஆடுது, இறுக்குடா'ன்னு பிரம்பால போட்டது யாரு? ஒரு முறுக்குக்கு ஒரு அடின்னு அடிச்சது யாரு? சொல்லுய்யா! ஒன் சக்கரத்த ஒட்ச்சது நீதான். ஒன் மச்சான் கால ஒட்ச்சதும் நீதான்!"

கூட்டத்திலிருந்து குப்பத்துப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். "ஆமா. கரைல நின்னுகினு நாங்க அல்லாரும் பாத்தோம். அந்தப் புள்ள அழுதுகினே முறுக்குச்சி" என்றாள்.

என் புருஷன் மூடியிருந்த இடது கையைத் திறந்து தும்பைக் காட்டினார். காண்டிராக்டர் அதைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. மச்சானின் கால் ஒரு கணம் அவன் கண் முன் வந்திருக்க வேண்டும். ஒரு மனுஷன் என்றால் அங்கே தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான். இவன் இரும்புப் பட்டையை ஓங்கி, கல்லின் மேலிருந்த கையில் போட்டான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. பிடித்திருந்தவன் கை தளர்ந்ததும் பாய்ந்தேன். தரையில் கிடந்த சைக்கிள் செயினை எடுத்துச் சுழற்றி வீசினேன். அது காண்டிராக்டரின் காதில் பட்டு மடலைக் கிழித்தது. அவன் அலறியதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கும் சந்தோஷம்தான். வண்டிக்காரர்கள் முளைக்குச்சிகளைப் பிடுங்கினார்கள். பட்டறை ஆட்கள் கல்லெடுத்தார்கள். பம்பால் குத்தியவனின் முன்பல் எங்கள் வாசலில் கிடந்தது. குப்பத்துப் பெண்கள் கூடையிலிருந்த திருக்கை வாலால் விளாசினார்கள். காண்டிராக்டர் தலைப்பாகை இல்லாமல், கழுத்தில் ரத்தம் ஒழுக, மாட்டு வண்டிக்குக் கீழே புகுந்து ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். கட்டை விரல் இருந்தது; மடங்காது.

பிறகு தெருப் பெரிய மனுஷர்கள் சமரசம் என்று வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கமும் போலீஸுக்குப் போகக் கூடாது. தம்பி மேல் யாரும் கை வைக்கக் கூடாது. வண்டி எங்கள் ஷெட்டில் கிடக்கிறது, நாங்களே சரி செய்து கொடுத்துவிட வேண்டும். "ஒங்க வாயில மண்ணு விழ" என்று நான் எழுந்தேன். என் புருஷன், "செஞ்சி குடுத்துடலாம். தம்பி தெனம் அவன் கண்ணு முன்னாடி கழி தாண்டணும்" என்றார். அவர்கள் போன பிறகு, "எந்தக் கையால செய்வே?" என்று கேட்டேன். என் கையைப் பார்த்தார்.

அப்படித்தான் சாவி என் கைக்கு வந்தது. வலை பின்னின விரல், பிடித்துக்கொண்டது. வளைந்த கம்பிகளைக் கழற்றிப் புதியவை போட்டேன். அவர் சாக்கு மேல் சாய்ந்துகொண்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி, "எடது பக்கம் கால் திருகு... போதும்... எதிர்க் கம்பிய வுடு" என்று சொல்லுவார். வலி வரும்போது பேச்சு நின்றுவிடும். நான் காத்திருப்பேன்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. நாலைந்து கம்பிகளை ஒவ்வொன்றும் கால் திருகு தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகு சிவப்புக் கோட்டைப் போட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. அவன் உப்பு வண்டிச் சக்கரத்துக்கு அடியில் கிடப்பதை எத்தனையோ தடவை மனத்தில் பார்த்துவிட்டேன். அதை அவரிடம் வாய்விட்டும் சொன்னேன்.

அவர் சாக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்னாடி எவன் குந்துவான்னு ஒனக்குத் தெரியுமாம்மே?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு முழுச் சக்கரத்தையும் முறையாக முறுக்கினேன். சாக்கட்டி எங்கும் படவில்லை. நாற்பது கம்பியும் 'ணிங்' என்றது. நாற்பது கோடும் நானே போட்டேன்.

காண்டிராக்டர் காதில் கட்டோடு வந்தான். பாதையில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "யாரு கோட்டம் எடுத்தது?" என்றான்.

என் புருஷன் வெள்ளைக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"நான்தான்" என்றேன். "ஒவ்வொரு கம்பியும் நான்தான் முறுக்கினேன். எடுத்துகினு போ."

அவன் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏறி உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். அத்தனை மெதுவாகப் போனான்; டோல்கேட் வரைக்கும் நடந்து போகிறவர்கள் அவனோடு கூடவே நடந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியில் வேகம் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. சாலையில் நிறுத்தி இறங்கி, சக்கரத்தைப் பிடித்து உலுக்குவானாம். கம்பி கம்பியாகத் தட்டிக் காது வைத்துக் கேட்பானாம், அதுவும் அந்தக் கிழிந்த காதை வைத்து. பட்டணத்தில் இரண்டு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினான். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவன் நம்பவில்லை. கொஞ்ச நாளில் குதிரை வண்டிக்கு மாறிவிட்டான். மோட்டார் சைக்கிள் அக்கரை உப்புக் கிடங்குக்குப் பின்னால் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை அங்கே இக்கரையிலிருந்து கடைசியாகக் கொண்டுபோனவன் என் தம்பிதான். இந்தத் தடவை கயிற்றைச் சக்கரத்தில் விடவில்லை, சட்டத்தில் கட்டினேன் என்று சொன்னான். பின்சக்கரத்தில் ஒரு கோடுகூட உடையவில்லை என்றும் சொன்னான்.

உடையாதுதான். ஓட்டியிருந்தால் எவ்வளவு வேகத்துக்கும் தாங்கியிருக்கும். அதைக் காண்டிராக்டரிடம் நான் சொல்லவில்லை.